செக்கடியில் கற்ற அறம்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்திய உரை)



"விரதத்தையும் காத்துக்கொண்டு தொழிலையும் நடத்த இக்காலத்தில் இயலுமா?" என்று நம் இளைஞர்கள் வினவுகிறார்கள், அதற்கு விடையாகப் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்தார்கள். அடியேன் பெருந்தொழிலதிபன் அல்லன். இரண்டு மரச்செக்குகளை வைத்து மல்லாட்டை எண்ணெயும் நல்லெண்ணெயும் ஆட்டி விற்பவன். அறிவுரை கூறும் தகுதி எனக்கில்லை. நான் செய்த பிழைகளையும் அவை கற்பித்தவற்றையும் மட்டுமே கூற இயலும்.

வந்தவாசிப் பகுதியில் மூன்று ஏக்கர் நிலமுடைய வேளாண் குடும்பம் எங்களுடையது. சென்னையில் பதினொரு ஆண்டுகள் கணக்கெழுதும் பணியில் இருந்து, 2015ஆம் ஆண்டு ஊர் திரும்பினேன். அதற்கு முந்தைய ஆண்டில்தான் நடுவண் அரசு சமணரைச் சிறுபான்மையினராக அறிவித்திருந்தது. அதனால் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், ஊர்ப்புறத் தொழிலுக்கு 35 விழுக்காடு மானியத்துடன் கடன் பெற வழி பிறந்தது. நம் பங்காக 5 விழுக்காடு செலுத்தினால் போதும். எட்டு இலட்சம் ரூபாய்த் திட்டத்துக்கு நாற்பதாயிரம் செலுத்தினேன். மல்லாட்டை கொள்முதல் செய்யக் கையில் பணமில்லை. இல்லத்தரசியின் நகைகள் அடகுக்குச் சென்றன.

தொடங்கிய நாளில் ஜினாலயத்தில் சிறப்பு அபிடேகம் செய்வித்தேன். இனி எல்லாம் நல்லபடி நடக்கும் என்று எண்ணினேன். நடக்கவில்லை. முதல் ஆறு மாதங்களில் வாங்கியவர் பலர் எண்ணெயைத் திருப்பிக் கொண்டுவந்தனர். சிக்கு வாடை வீசுவதாகக் கூறினர். நான் இன்னொரு பூசைக்கு நாள் பார்த்தேன்.

அப்போதுதான் எந்தையார் ஒரு சொல் சொன்னார்: "தம்பி, எல்லாவற்றையும் துறந்து நின்றவரிடம் போய் இலாபம் கேட்கிறாயே! அவர் விருப்பும் வெறுப்பும் அற்றவர். கொடுப்பதும் இல்லை, தடுப்பதும் இல்லை. முதலில் களத்தைப் போய்ப் பார்."

பார்த்தேன். காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு ஒலிக்க வேண்டும், ஒலிக்கவில்லை. அவசரத்தில் ஈரம் காயாத பருப்பை ஆட்டியிருக்கிறேன். ஈரப் பருப்பில் பூஞ்சை பிடிக்கும். அதன் நஞ்சு உண்பவர் உடலுக்குக் கேடு. குறை என் களத்தில் இருக்க, நான் தெய்வத்தின் பக்கம் திரும்பியிருந்தேன். மும்மணிகளுள் முதலாவதாக நற்காட்சி வைக்கப்பட்டிருப்பதன் பொருள் அன்று எனக்கு ஒருவாறு விளங்கிற்று. உள்ளதை உள்ளபடி காண்பதற்கும் துணிவு வேண்டும். அந்தத் துணிவைத்தான் இன்று நான் நம்பிக்கை என்று அழைக்கிறேன்.

களம் சீரானது. எண்ணெயும் சீரானது. அடுத்த சோதனை கடைவீதியிலிருந்து வந்தது. நூறு கிலோ பருப்பை ஆட்டினால் ஏறத்தாழ நாற்பது கிலோ எண்ணெய்தான் கிடைக்கும்; எஞ்சியது பிண்ணாக்கு. ஆகவே செக்கெண்ணெயின் விலை கூடுதலாகத்தான் இருக்கும். என்னிடம் மொத்தமாக வாங்கிய நான்கு கடைக்காரர்கள், பாமாயில் கலந்து விலையைக் குறைக்குமாறு கேட்டனர். "எல்லோரும் செய்வதுதானே?" என்றனர்.

கள்ளாமை விரதத்துக்கு நேரும் குற்றங்களாகத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்தைக் கூறுகிறது. திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், அரசின் விதியை மீறி வாணிகம் செய்தல், அளவையில் ஏமாற்றுதல், கலப்படம் செய்தல். சிறுவயதில் இவற்றை மனப்பாடமாக ஒப்புவித்து பரிசும் பெற்றிருக்கிறேன். ஐந்தும் வணிகனை நோக்கியே சொல்லப்பட்டவை போல இருப்பதை அன்றுதான் உணர்ந்தேன். மறுத்துவிட்டேன். நால்வரும் விலகினர். விற்பனை பாதியாயிற்று.

அளவையிலும் கண்ணுக்குத் தெரியாத ஏமாற்று உண்டு. ஒரு லிட்டர் கடலை எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம்தான். கிலோ விலையைச் சொல்லி லிட்டர் அளவில் ஊற்றினால் வாங்குபவர் அறியமாட்டார். எனவே கடை வாயிலில் இரண்டு விலைகளையும் தனித்தனியே எழுதி வைத்தோம். ஆண்டுதோறும் தராசுக்கு முத்திரை பெறுவதில் தவறியதில்லை.

தொழிலில் நேரும் உயிர்த்துன்பத்தை முற்றிலும் தவிர்க்க இல்லறத்தாரால் இயலாது; ஆயினும் இயன்ற மட்டும் குறைப்பது கடமை. விளக்கொளிக்கு வரும் பூச்சிகள் எண்ணெயில் வீழ்ந்து மடியும். ஆதலால் கதிரவன் மறையுமுன் செக்கை நிறுத்திவிடுவோம். வண்டு விழுமளவுக்குப் பருப்பைச் சேர்த்து வைப்பதில்லை. இதனால் பெரிய ஒப்பந்தம் ஒன்று கைவிட்டுப் போனது உண்மை.

இவ்வளவும் கேட்டு என்னை நல்லவன் என்று எண்ணிவிடாதீர்கள். இனிக் கூறப்போவதுதான் நான் இம்மேடைக்கு வந்த காரணம்.

2018ஆம் ஆண்டு, எங்கள் ஊர் ஜினாலயத்தில் தேர்விழா. கடைகள் விலகிய பின் கை மிகவும் இறுகியிருந்தது. பணியாளர் அறுவருக்கும் இரண்டு வாரக் கூலி நிலுவை. அந்நிலையிலும் விழாவுக்கு இருபத்தைந்தாயிரம் ரூபாய் நன்கொடை எழுதினேன். தொழில் நொடித்துவிட்டது என்று உறவினர் பேசக்கூடாது என்பதே உண்மையான நோக்கம். அழைப்பிதழில் என் பெயர் அச்சாயிற்று.

மறுநாள் பருப்புப் புடைக்கும் மூதாட்டி ஒருவர் என்னிடம் வந்தார். "பத்திரிகையில உங்க பேரு இருக்குன்னு பேரன் படிச்சுக் காட்டினான் நயினாரே. சந்தோசம். எங்க வீட்ல ரெண்டு நாளா கஞ்சிதான்" என்றார். அவர் குரலில் சினமில்லை. சினந்திருந்தால் நான் ஏதேனும் மறுமொழி கூறித் தப்பியிருப்பேன்.

அன்று இரவு எந்தையாரிடம் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "கொல்லாமை விரதத்துக்கு நேரும் குற்றம் ஐந்து. சொல் பார்ப்போம்" என்றார். கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவு மீறிச் சுமையேற்றுதல் என்று நான்கைச் சொன்னேன். ஐந்தாவதைச் சொல்ல நா எழவில்லை. உணவையும் நீரையும் தடுத்தல் என்பது அது.

விடிந்ததும் மைத்துனரிடம் கடன் வாங்கிக் கூலி முழுவதையும் கொடுத்தேன். அறுவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். தேரோடிய அன்று வடம் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை, ஓரமாக நின்றேன். கலப்படத்தை மறுத்தபோது என் உள்ளத்தில் வளர்ந்திருந்த செருக்கு அன்று உதிர்ந்தது. பிறர் நீட்டிய தவற்றை மறுப்பது எளிது. புகழாசையால் நாமே செய்யும் தவறு புண்ணியத்தின் உருவில் வருவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அதன்பின் கணக்கேட்டின் முதற்பக்கத்தில் ஒரு வரிசை எழுதினேன். முதலில் கூலி, அதுவும் சனிக்கிழமை பொழுது சாயுமுன். அடுத்து உழவருக்குத் தர வேண்டிய விலை. அதற்கடுத்து வங்கித் தவணை, பிறகு இல்லச் செலவு, இறுதியில் நன்கொடை. இரவில் சாமாயிகத்துக்கு அமருமுன் அந்த ஏட்டை ஒருமுறை புரட்டுகிறேன். அன்றைய பிழை அதில் இருந்தால் மறுநாளே திருத்த முடிகிறது.

2022இல் வங்கிக் கடன் தீர்ந்தது, நகைகளும் மீண்டன. விலகிய நால்வரில் ஒருவர் திரும்பி வந்தார்; மூவர் வரவில்லை. மூன்றாவது செக்கு வைக்குமாறு பலர் கூறினர். பொருளுக்கு எல்லை வகுத்துக்கொள்வதும் நம் அணுவிரதங்களுள் ஒன்றல்லவா? இரண்டு போதும் என்று வரையறை செய்துகொண்டேன். மிகுதியை உணவு, மருந்து, கல்வி ஆகிய தானங்களுக்குப் பெயரின்றிக் கொடுத்து வருகிறோம்.

இளைஞர்களே, விரதம் காத்தால் செல்வம் பெருகும் என்று நான் உறுதி கூறமாட்டேன். எனக்கு அது வாடிக்கையாளரை இழக்கச் செய்தது. ஆனால் தொழிலில் இறங்கிய பின்னர்தான், பள்ளியில் மனப்பாடம் செய்த விரதங்கள் எனக்கு விளங்கின. நீங்கள் கடை திறக்கும் நாளில் அந்தக் குற்றங்களின் பட்டியலை எழுதி, தராசுக்கு எதிரே ஒட்டி வையுங்கள். இடர் வரும்போது முதலில் களத்தைப் பாருங்கள். உங்களிடம் உழைப்பவர் உண்ட பிறகு உண்ணுங்கள்.

அந்த மூதாட்டி இன்றும் எங்களிடம் பணிபுரிகிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் கூலியை எண்ணி முடித்து என்னை நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நேராக நிற்க முடிவதே நான் பெற்ற வளர்ச்சி.

எவ்வுயிரும் இன்புறுக! ஜெய் ஜினேந்திரா!