மாவாட்டும் யந்திரத்தைப் பரீட்சித்து வாங்கும் முறை

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த சொற்பொழிவு)



கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போகும் குடியானவர், காங்கயம் காளை ஒன்றைக் கண்டவுடன் பணத்தை எடுத்து நீட்டிவிடுவதில்லை. பல்லைப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நடக்கவிட்டுக் குளம்பு ஊன்றும் விதத்தைக் கவனிக்கிறார். அதே குடியானவர் வீட்டுக்குக் கிரைண்டர் வாங்க டவுனுக்குப் போனால், அதன் வர்ணத்தையும் பளபளப்பையும் பார்த்துவிட்டு விலை பேசத் தொடங்குகிறார். மாட்டுக்குக் காட்டும் ஜாக்கிரதையை யந்திரத்துக்கும் காட்ட வேண்டுமென்பதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

கிரைண்டர் கொங்கு நாட்டுக்கு அந்நிய வஸ்துவன்று. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை தொடங்கியபின், கோயமுத்தூர்ப் பகுதியில் நூல் ஆலைகளும், வார்ப்படச் சாலைகளும், கிணற்று மோட்டார்த் தொழிலும் வளர்ந்தன. மோட்டார் செய்யக் கற்ற ஊரில் அது ஆட்டுக்கல்லுக்கும் வந்து சேர்ந்தது. 1955-இல் கோயமுத்தூரில் பி. சபாபதி என்பவர் மின்சாரத்தால் மாவாட்டும் யந்திரத்தை முதன்முதலில் அமைத்தார் என்பது பிரசித்தம். இதற்குரிய கருங்கல் ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து கிடைத்து வந்தது. இன்று ‘கோயமுத்தூர் வெட் கிரைண்டர்’ என்னும் பெயர், 1999-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. ஆனால் அக்குறியீடு ஊரின் பெயரைக் காப்பதேயன்றி, ஒவ்வொரு மோட்டாரும் நன்றாக ஓடுமென்று ஜாமீன் நிற்பதன்று. யந்திரத்தைப் பரீட்சிக்கும் பொறுப்பு வாங்குகிறவரைச் சேர்ந்தது.

யந்திரத்தின் அமைப்பு மிக எளிது. ஆட்டுக்கல்லில் உரல் அசையாமல் நிற்க, குழவி சுற்றுகிறது. கிரைண்டரில் அடிச்சட்டி சுற்ற, குழவி ஓரிடத்தில் பிடிக்கப்பட்டுத் தன் அச்சில் உருளுகிறது. கல்லும் கல்லும் மெதுவாக உரசுவதால் மாவு அதிகம் சூடேறுவதில்லை. மிக்ஸியிலோ உலோகக் கத்திகள் நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றி வெட்டுகின்றன. மாவும் விரைவில் சூடாகிறது. சட்னிக்கும் மசாலாவுக்கும் மிக்ஸி உத்தமம். இட்டிலி உளுந்துக்குக் கல்லே உத்தமம். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் எதிர்பார்த்து இரண்டையும் குறை கூறுவது நியாயமன்று.

கிரைண்டர்களில் பெரும்பாலும் இரு வகைகள் உண்டு. ஒன்று, தரையில் நிற்கும் பெரிய சாய்ப்புக் கிரைண்டர். சட்டியைச் சாய்த்து மாவை வழித்துக்கொள்ளலாம். கலியாணத்துக்கும் பலகாரக் கடைக்கும் ஏற்றது. மற்றொன்று, மேடைமேல் வைக்கும் ‘டேபிள் டாப்’. இதில் இரண்டு அல்லது மூன்று சிறு குழவிகள் இருக்கும்; நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இதுவே போதுமானது. வருஷத்தில் இரண்டு விசேஷங்களை எண்ணிப் பெரிய யந்திரம் வாங்குவது, விருந்தாளி வருவாரென்று தினமும் அண்டாவில் சமைப்பதை ஒக்கும். ஒரு தெருவார் சேர்ந்து பெரிய யந்திரம் ஒன்றைப் பொதுவில் வைத்துக்கொண்டு, வீட்டில் சிறியதை வைத்துக்கொள்வது சிக்கனமாகும்.

இனிப் பரீட்சை. கடைக்காரர் வெறும் சட்டியை ஓடவிட்டுக் காட்டுவது பரீட்சையாகாது. அதே மாதிரி யந்திரம் வைத்திருக்கும் உறவினர் வீட்டுக்குக் கால் படி உளுந்தை ஊறவைத்து எடுத்துக்கொண்டு போய், வீட்டுப் பெண்மணியே தம் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். அப்போது கவனிக்க வேண்டியவை ஐந்து.

முதலாவது, மாவு. உளுந்து மாவில் ஒரு கிள்ளு எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் காற்று ஏறவில்லை, இட்டிலி கல்லாகும். அரிசி மாவை இரு விரல்களுக்கிடையே தேய்த்தால் ரவைபோல் ஒரே சீராக இருக்க வேண்டும். முழு அரிசி தட்டுப்படக் கூடாது.

இரண்டாவது, சூடு. ஆட்டி முடித்து யந்திரத்தை நிறுத்தியபின் மாவைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மாவு வெதுவெதுப்பைத் தாண்டினாலும், மோட்டாரிலிருந்து கருகல் வாசனை வந்தாலும் அது வேண்டாம்.

மூன்றாவது, ஆட்டம். அருகில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால், அதன் அலையே யந்திரத்தின் அதிர்வைச் சொல்லும். சட்டி ஒருபுறம் கோணிச் சுற்றினால் அச்சு தேயும். பெல்ட்டும் விரைவில் அறும்.

நான்காவது, கழுவுதல். இதைக் கடையில் யாரும் காட்டுவதில்லை. வீட்டிலோ ஒவ்வொரு தடவையும் இதுவே வேலை. குழவியையும் சட்டியையும் வயதான பெண்மணியும் தூக்க முடியுமா? மாவு தங்கும் இடுக்குகள் எத்தனை? அச்சின் வழியே தண்ணீர் மோட்டாருக்கு இறங்குமா? இம்மூன்றுக்கும் விடை தெரிய வேண்டும்.

ஐந்தாவது, ரிப்பேர். பெல்ட்டும், குழவி தாங்கும் உறுப்புகளும் பக்கத்து டவுனில் கிடைக்குமா? 2011-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை இலவசமாக வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபின், கிரைண்டர் எட்டாதிருந்த எத்தனையோ வீடுகளுக்கு அது வந்தது. வந்த யந்திரம் ஓடிக்கொண்டிருப்பது அதைப் பழுதுபார்க்கும் கையைப் பொறுத்தது. ஒரு பெல்ட் கிடைக்காமல் மூலையில் கிடக்கும் யந்திரம், விலை கொடுத்து வாங்கிய பாறாங்கல்லே.

செலவுக் கணக்கையும் பார்ப்போம். 150 வாட் மோட்டார் அரைமணி நேரம் ஓடினால் 75 வாட்-மணி ஆகிறது. ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட். ஆகவே ஒரு யூனிட்டில் 13 தடவை ஆட்டலாம். அரைக் குதிரைச் சக்தியுள்ள பெரிய யந்திரம் அதே நேரம் ஓடினால், ஒரு யூனிட்டில் 5 தடவை ஆட்டலாம். மின்சாரச் செலவு பயப்படத் தக்கதன்று. வாங்கும் விலையும் தவணையுமே கவனிக்கத் தக்கவை. தவணையில் வாங்குகிறவர், முன்பணத்தையும் எல்லாத் தவணைகளையும் ஒன்றாகக் கூட்டி, ரொக்க விலையோடு ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உண்மையான வட்டி. சங்கக் கடனுக்கு ஆகும் வட்டியை அதற்குப் பக்கத்தில் எழுதிப் பார்த்தபின் கையெழுத்துப் போடுவது விவேகம்.

வாங்கியபின் செய்ய வேண்டியவையும் உண்டு. புதுக் கல்லில் துகள் இருக்கும். பழைய அரிசியைத் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று தடவை ஆட்டிக் கொட்டிய பிறகே உணவுக்கு உபயோகிக்க வேண்டும். மூன்று முள் பிளக்கை, எர்த் உள்ள இடத்தில் மாத்திரம் செருக வேண்டும்; ஈரக் கையால் ஸ்விட்சைத் தொடலாகாது. ஓடும் சட்டிக்குள் விரல் போகக் கூடாது. மாவைத் தள்ள மரக்கரண்டி இருக்கட்டும். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். விளையாட்டுச் சாமானென்று எண்ணி அருகில் வரும் குழந்தைகளை அகற்றி வைக்க வேண்டும்.

முடிவாக ஒரு விஷயம். கிரைண்டருக்குப் பணம் கொடுப்பவர் பெரும்பாலும் ஆடவர்; அதனோடு தினமும் பாடுபடுபவர் பெண். குனிந்து உட்கார்ந்து ஒரு கையால் குழவியைச் சுற்றி, மறு கையால் மாவைத் தள்ளி, தோள் வலியோடு எழுந்த தாய்மார்களின் பொழுதை மீட்டுக்கொடுப்பதற்காகவே இந்த யந்திரம் உண்டாயிற்று. ஆகையால் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவர்களுடையதே. கடைக்குப் போகும் அங்கத்தினர் மனைவியையோ தாயையோ உடன் அழைத்துச் செல்லட்டும். அவர்கள் குழவியைத் தூக்கிப் பார்த்து, “இது ஆகும்” என்று சொன்னபின் விலை பேசட்டும். அவ்விதம் வாங்கிய யந்திரம் நெடுநாள் உழைக்கும்; அதற்காகப் பட்ட கடனும் பாரமாகத் தோன்றாது.