ஆபரேஷனுக்குப் பிறகு ஏழு நாள்: பெண்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

(நம் சங்கத்தின் மகளிர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற செவிலியரான உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



பித்தப்பைக் கல், அப்பெண்டிக்ஸ், தைராய்டு கட்டி என்று ஏதாவது ஒரு ஆபரேஷன் நடக்காத வீடு நம் பெர்ன்ஹில்லில் குறைவு. சிலர் கோவைக்கு இறங்குகிறீர்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரிக்கு 2025 ஏப்ரலில் புதிய மருத்துவமனை திறக்கப்பட்ட பிறகு சிலர் இங்கேயே செய்துகொள்கிறீர்கள். எங்கே செய்தாலும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஆபரேஷன் சமயத்தில் தரும் சில மருந்துகள், நீங்கள் பயன்படுத்தும் ஹார்மோன் கருத்தடையின் பலனைக் குறைத்துவிடலாம்.

முழு மயக்கம் கொடுக்கும்போது தசைகள் தளர்வதற்கு ரோகுரோனியம் அல்லது வெக்குரோனியம் என்ற மருந்தைச் செலுத்துவார்கள். ஆபரேஷன் முடிந்ததும் நீங்கள் சொந்தமாக மூச்சுவிட, அந்த மருந்தின் வேலையை நிறுத்த வேண்டும். அதற்கு வெகுகாலமாக நியோஸ்டிக்மின் இருக்கிறது; அதனால் கருத்தடைக்குப் பாதிப்பு இல்லை. புதிதாக வந்தது சுகமாடெக்ஸ். ஐரோப்பாவில் 2008-லும் அமெரிக்காவில் 2015-லும் அனுமதி பெற்றது. இந்தியாவிலும் பயன்பாட்டில் இருக்கிறது. நல்ல மருந்து, வேகமாக வேலை செய்யும்.

சுகமாடெக்ஸ் மூலக்கூறு வளையம் போன்றது. தசை தளர்த்தும் மருந்தை அந்த வளையத்துக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். கருத்தடை மாத்திரையில் உள்ள புரோஜெஸ்டோஜன் ஹார்மோனும் வடிவத்தில் அந்த மருந்தை ஒத்தது. அதனால் அதையும் கொஞ்சம் பிடித்துவிடும். உடலுக்குக் கிடைக்கும் ஹார்மோன் 34 சதவீதம் வரை குறையலாம் என்று கணித்திருக்கிறார்கள். ஒரு நாள் மாத்திரையைப் பன்னிரண்டு மணி நேரம் தாமதமாகச் சாப்பிட்டது போல.

இது மாலா-என் போன்ற மாத்திரைகளுக்கு மட்டுமல்ல. அரசு மருத்துவமனைகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, கையில் தோலுக்கடியில் வைக்கும் இம்ப்ளான்ட், ஹார்மோன் உள்ள லூப் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். சுகமாடெக்ஸ் கொடுத்திருந்தால் அடுத்த 7 நாட்களுக்கு ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். மாத்திரையை நிறுத்தாமல் தொடருங்கள். காப்பர்-டி போட்டவர்களும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்களும் கவலைப்பட வேண்டாம்.

இன்னொரு மருந்து அப்ரெபிடன்ட். ஆபரேஷனுக்குப் பின் வாந்தி வராமல் இருக்கச் சிலருக்குத் தருவார்கள். கல்லீரல் ஹார்மோனை வேகமாகச் சிதைக்கும்படி இது செய்துவிடும். இதற்கு 28 நாள் எச்சரிக்கை தேவை. வழக்கமாகப் போடும் ஆன்டன்செட்ரான் ஊசிக்கு இந்தப் பிரச்சினை இல்லை. சாதாரண ஆன்டிபயாடிக் மருந்துகளாலும் பயமில்லை. ஆனால் மாத்திரை விழுங்கிய இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று சாப்பிட வேண்டும்.

பல நாள் படுக்கையில் இருக்க வேண்டிய பெரிய ஆபரேஷன் என்றால், ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையை நான்கு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வதுண்டு. ரத்தக்கட்டி வராமல் தடுக்கத்தான். நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் நிறுத்தச் சொன்னால், "அதுவரை வேறு என்ன வழி?" என்று உடனே கேளுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். "தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் சுகர், பிரஷர் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். பக்கத்தில் மாமியாரோ கொழுந்தனாரோ நிற்பார்கள். கருத்தடை என்று சொல்ல வாய் வராது. டிஸ்சார்ஜ் சம்மரியிலும் மயக்க மருந்துகளின் பெயர் பெரும்பாலும் இருக்காது. இப்படி இரண்டு பக்கமும் பேசாமல் விட்டால், தையல் ஆறும் முன்பே எதிர்பாராத கர்ப்பம் வந்து நிற்கும். அந்தச் சுமை முழுக்கப் பெண் தலையில்தான் விழும்.

வெட்கமாக இருந்தால் ஒரு சீட்டில் எழுதி மயக்க டாக்டரிடமோ நர்ஸிடமோ கொடுங்கள். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரே கேள்வி: "எனக்கு சுகமாடெக்ஸ் அல்லது அப்ரெபிடன்ட் கொடுத்தீர்களா?" பதிலைச் சம்மரியிலேயே எழுதி வாங்குங்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கேள்வியை நீங்களும் கேட்கலாம். அந்த ஏழு நாள் பொறுப்பு உங்களுடையதும்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு சந்தேகம் வந்தால் 104-க்கு அழைத்து ஆலோசனை கேளுங்கள்.