பழைய கணினியின் இருண்ட திரை

வெளிமாநிலங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், கூடத்தின் ஒரு மூலையில், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மேசைக் கணினி ஒன்று இன்றும் உழைத்துக் கொண்டிருக்கிறது. அண்ணன் படித்து முடித்தபின் தங்கைக்கு வந்து சேர்ந்ததாக இருக்கலாம்; பெங்களூரின் எஸ்.பி. சாலையிலோ, மும்பையின் லேமிங்டன் சாலையிலோ, தில்லியின் நேரு பிளேஸிலோ பழைய பொருளாக வாங்கி வந்ததாகவும் இருக்கலாம். ஒருநாள் பொத்தானை அழுத்தியதும் விசிறி சுழல்கிறது, விளக்கும் எரிகிறது. திரை மட்டும் இருண்டு நிற்கிறது. வீட்டார் முகமும் உடன் இருண்டு விடுகிறது. 'போர்டு போய்விட்டது, புதிதாக வாங்கிக் கொள்ளுங்கள்' என்ற விடை கடைகளில் எளிதாகக் கிடைக்கும். அவ்விடையை நம்பி 30,000 ரூபாய் கடன்படுவதற்கு முன், ஒரு மணி நேரம் பொறுமையுடன் சில சோதனைகளைச் செய்து பார்ப்பது நன்று. கோலார் தங்கவயலில் வாழும் நாங்கள் இவ்வேலையிற் சற்றே பழகியவர்கள். அதற்குக் காரணம் எங்கள் ஊர்க் காற்று.

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குச் சுரங்கத் தொழிலைத் தொடங்கியபோது, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம்மவர் திரளாக வந்து குடியேறினர். 1902ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிவதற்கும் முந்திய செய்தி இது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாளோடு சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆனால் பாறையை மாவாக அரைத்து, சயனைடுக் கரைசலால் பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு மட்டும் எங்கும் போகவில்லை. வெண்சாம்பல் நிறத்துக் குன்றுகளாக ஊரைச் சுற்றி நிற்கிறது. ஆடிக் காற்று வீசத் தொடங்கினால் அம்மேடுகளின் தூள் எழுந்து, கூரை இடுக்குகளிலும் சோற்றுப் பானையிலும் வந்து படியும். மக்கள் நெஞ்சுக்கு அதனால் விளையும் கேடு தனியே பேசவேண்டிய பெரும்பொருள். இன்றைய பேச்சுக்கு வேண்டுவது இவ்வளவே: நாள் முழுதும் விசிறியால் காற்றை உறிஞ்சும் கணினி, அத்தூளையும் சேர்த்தே உறிஞ்சுகிறது.

சென்ற ஆண்டு ஆடியில் எங்களிடம் வந்த கணினி ஒன்றைச் சான்றாக எடுத்துக் கொள்வோம். ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வீட்டுப் பெண், பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிப்பவள், வரைபடப் பயிற்சிக்காகப் பயன்படுத்தியது அது. தந்தை விடியற்காலை ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்பும் தொழிலாளி. வரைபடங்களை ஒப்படைக்கப் பதினொரு நாட்களே இருந்தன. கடையொன்றில் முன்பே காட்டியிருந்தார்கள். புதிய கணினி வாங்கும்படி சொல்லி அனுப்பியிருந்தனர்.

திரைக்கு உருவத்தை ஆக்கித் தரும் உறுப்பே வரைகலை அட்டை. கடைவீதியில் அதனைக் கிராபிக்ஸ் கார்டு என்பர். மதர்போர்டு எனப்படும் பெரிய பலகையின் நீண்ட பள்ளம் ஒன்றிற் செங்குத்தாகச் செருகப்பட்டிருக்கும். தனக்கெனச் சிறு நினைவகமும், சில்லும், விசிறியும் கொண்டது. பல பலகைகளில் இவ்வட்டை இல்லாமலே திரையை இயக்கும் எளிய ஏற்பாடும் உண்டு. நம் சோதனைக்கு இதுவே பேருதவி.

முதலிற் பார்க்கவேண்டியவை வெளியே உள்ளவை. திரைக்கு மின்சாரம் வருகிறதா? அதன் கம்பி இரு முனையிலும் இறுகியிருக்கிறதா? திரையின் விளக்கு மஞ்சளாக நின்றால், திரை உயிரோடுதான் இருக்கிறது, அதற்குச் செய்தி வரவில்லை என்பது பொருள். வேறொரு கம்பியை மாற்றிப் பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை. பலர் இதனைச் செய்யாமலே பெட்டியைத் திறந்து விடுகின்றனர்.

அடுத்துச் செவியைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பழைய கணினிகள் தம் நோயைத் தாமே ஒலியெழுப்பிச் சொல்லும். அவார்டு வகைப் பயாஸ் உடையவை ஒரு நீண்ட ஒலியும் இரு குறுகிய ஒலியும் எழுப்பினால் குறை திரைப்பகுதியில் என்று அறியலாம், ஏ.எம்.ஐ. வகையில் எட்டுக் குறுகிய ஒலிகள் திரை நினைவகத்தைக் குறிக்கும். பெட்டிக்குள் சிறு ஒலிபெருக்கி இல்லாவிட்டால் ஒன்றும் கேளாது. அதனை மிகச் சிறு தொகைக்கு வாங்கிப் பொருத்திக் கொள்ளலாம். மேற்சொன்ன பெண்ணின் கணினி நீண்டதொன்றும் குறுகியவை இரண்டுமாகத் தெளிவாகவே கூவியது. முதலில் பார்த்த கடைக்காரர் அதற்குச் செவிகொடுத்ததாகத் தெரியவில்லை.

இனிப் பெட்டியைத் திறக்கலாம். மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தை வடியவிட வேண்டும். பெட்டியின் இரும்புச் சட்டத்தைக் கையால் தொட்டுக்கொண்டால் நம் உடலில் தங்கிய நிலைமின்சாரம் நீங்கும். அட்டையைப் பிடித்திருக்கும் திருகைக் கழற்றி, பள்ளத்தின் கோடியிலுள்ள சிறு பிளாஸ்டிக் கொக்கியை அழுத்தியபின்பே அட்டையை மேலே தூக்கவேண்டும். கொக்கியை மறந்து இழுப்பவர் பள்ளத்தையே பெயர்த்து விடுவர். அட்டையை நீக்கியபின், திரைக்கம்பியைப் பலகையின் சொந்தத் துளையிற் செருகிக் கணினியை இயக்கினோம். படம் வந்தது. அதனால் மதர்போர்டும், நினைவகமும், திரையும் நலமே என்று உறுதியாயிற்று. குறை அட்டையிலோ, அது அமரும் இடத்திலோ மட்டுமே இருக்க முடியும். 'போர்டு போய்விட்டது' என்ற தீர்ப்பு அந்த ஐந்து நிமிடத்திலேயே தள்ளுபடியாகி விட்டது.

அட்டையின் அடிவிளிம்பில் சீப்புப் பற்கள்போல் வரிசையாகத் தொடுபட்டைகள் இருக்கும். அவை மஞ்சளாக மின்னுவது வண்ணப் பூச்சால் அன்று. உண்மையான பொன் முலாமே அது. செம்பு களிம்பேறும், வெள்ளி கறுக்கும், பொன் இரண்டிற்கும் இடம் கொடாது என்பதனால் அதனைப் பூசுகிறார்கள். பொன்னைத் தேடி மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில் இறங்கிய சாம்பியன் ரீப் தொழிலாளியின் பேத்தி, ஒரு மைக்ரானுக்கும் மெல்லிய பொன்னைக் கையில் வைத்துத் துடைப்பதைக் கண்டபோது எங்களுக்குப் புன்னகை வந்தது. பொன் களிம்பேறாவிட்டாலும் அதன்மேல் தூளும் புகைப்பிசுக்கும் படியும். மெல்லிய முலாமின் நுண்துளைகள் வழியே அடியிலுள்ள உலோகமும் கெடக்கூடும். பென்சில் எழுத்தை அழிக்கும் மென்மையான வெள்ளை ரப்பரால் இலேசாகத் தேய்த்து, துகள்களை உதறி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒற்றி, நன்கு உலரவிட வேண்டும். உப்புத்தாள் கொண்டு தேய்ப்போரும் உளர். முலாம் ஒரே நாளில் போய்விடும். பள்ளத்தை உலர்ந்த தூரிகையால் துடைக்கலாம். வாயால் ஊதுவது கூடாது. எச்சில் ஈரம் உள்ளே புகும்.

அட்டையை மீண்டும் அமர்த்தி, கொக்கி 'டக்'கென்று விழும்வரை அழுத்தினோம். படம் வந்தது. அவள் முகம் மலர்ந்தது; ஆனால் வரைபட மென்பொருளைத் திறந்த பத்து நிமிடத்தில் திரையெங்கும் வண்ணக் கோடுகள் தோன்றி, கணினி உறைந்து நின்றது.

தொடக்கத்தில் நன்றாயிருந்து, வேலை மிகும்போது குலைவது வெப்பத்தின் அடையாளம். சுரங்கம் அறிந்த ஊருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. ஆழத்திற் காற்றோட்டம் நின்றால் என்னாகும் என்பதை எங்கள் பெரியவர்கள் உடம்பால் அறிந்தவர்கள். அட்டையின் விசிறிக்கு அடியில் உள்ள அலுமினியத் தகடுகளுக்கிடையே சாம்பல் நிறத் தூள் கம்பளிபோல் அடைத்திருந்தது. விசிறி சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதுகருவியால் அதனை வெளியேற்றினோம். விசிறியை வெறுமனே சுழலவிட்டால் அதன் தாங்கி தேயும். தகட்டுக்கும் சில்லுக்கும் இடையே இருந்த வெப்பப் பசை காய்ந்து சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. அதனைத் துடைத்துவிட்டு, பயற்றம் பருப்பளவு புதுப்பசை வைத்து மூடினோம். மறுநாள் மாலைவரை வரைபடத்தைத் திறந்தே வைத்திருந்தோம். கோடு ஒன்றும் தோன்றவில்லை. பசைக்கான செலவு 200 ரூபாய்க்கும் உட்பட்டது. வரைபடங்கள் உரிய நாளில் கல்லூரி சென்று சேர்ந்தன.

எல்லா அட்டைகளும் இவ்வளவு எளிதில் வழிக்கு வந்துவிடுவதில்லை. பள்ளம் 75 வாட்டுக்குமேல் மின்சாரம் தராது; அதற்கு மேல் வேண்டும் அட்டைகளுக்கு ஆறுமுனைக் கம்பி ஒன்று தனியே வரும். அது கழன்றிருந்தாலும், எஸ்.எம்.பி.எஸ். முதுமையால் தளர்ந்திருந்தாலும் இதே இருள்தான். மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தால் அவற்றை மாற்றவல்ல கைவினைஞரிடம் கொடுக்கலாம். விண்டோஸ் சேப் மோடில் திரை ஒழுங்காக நின்று, வழக்கமான நிலையில் மட்டும் குலைந்தால், குறை டிரைவர் மென்பொருளில். அதனை நீக்கி, அந்த அட்டைக்குரிய பழைய பதிப்பைத் தேடி நிறுவவேண்டும். என்விடியா நிறுவனம் கெப்ளர் வகை அட்டைகள் பெரும்பாலானவற்றுக்குப் புதிய டிரைவர் வழங்குவதை 2021ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. இத்தகைய கணினிகளில் லினக்ஸ் நிறுவி, அதிலுள்ள திறந்த டிரைவரால் எழுத்துவேலையும் படிப்பும் நடத்தலாம்.

கணினி தொடங்கும் முதல் எழுத்துகளிலேயே வண்ணச் சதுரங்கள் தோன்றினால் நினைவகமோ சில்லோ பழுது. அப்போது சிலர் அட்டையைக் கேக் சுடும் அடுப்பில் வைத்துச் சூடேற்றினால் உயிர் பெறும் என்பர். சிலகாலம் உயிர்த்தெழுவதும் உண்டு. பின் மீண்டும் அணையும். அவ்வடுப்பில் பின்னர் ரொட்டி சுடும் வீட்டாரோ நச்சுப்புகையை உண்பர். அதைவிட எஸ்.பி. சாலையில் மற்றொரு பழைய அட்டையைச் சோதித்து வாங்குவது சிக்கனம். கடையிலேயே பத்து நிமிடம் கனமான படம் ஒன்றை ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும்.

செத்த அட்டையின் பொன்னை அமிலத்தில் கரைத்தெடுக்கலாம் என்று சிலர் ஆசைகாட்டுவர். ஓர் அட்டையிற் கிடைப்பது மில்லிகிராம் கணக்கே. எஞ்சும் அமிலம் கிணற்றடியில் இறங்கும். ஏற்கெனவே சயனைடு மேடுகளோடு வாழும் எங்கள் ஊருக்கு அது வேண்டாம். 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையங்கள் பெங்களூரில் உள்ளன; நாங்கள் பழுதான அட்டைகளை ஒரு சாக்கில் சேர்த்துவைத்து, ரயிலில் செல்வோர் வழியாக அங்கு அனுப்பி வருகிறோம்.