மலைத் தீயை மார்கழியிலேயே தடுப்போம்!

(போடிநாயக்கனூரில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



2018 மார்ச் 11-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நம் ஊருக்கு மேலே குரங்கணி மலையில் பற்றிய தீயை நாம் யாரும் மறக்கவில்லை. கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் புல் சரிவில் நெருப்பின் நடுவே சிக்கினார்கள். 23 உயிர்கள் போயின. ஹெலிகாப்டர் வருமுன் மலையேறி ஓடியவர்கள் யார்? அக்கம்பக்கத்து மலைக்கிராம மக்கள்! போர்வையில் தூளி கட்டி, காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கினார்கள்.

பிறகு சர்க்கார் அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடத்தியது. அதே ஆண்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. வர வேண்டியவைதான். ஆனால் ஒன்று கேட்கிறேன்: மனிதனுக்கு விதி போட்டாயிற்று, புல்லுக்கு என்ன செய்தோம்?

புல்தான் விறகு

வெயிலை நாம் தணிக்க முடியாது. காற்றை நிறுத்த முடியாது. சரிவை மட்டமாக்க முடியாது. நம் கைக்கு எட்டுவது புல் ஒன்றுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆளுயரம் வளரும் புல், தை பிறந்ததும் காய்கிறது. எண்ணெய்ச் சத்துள்ள தைலப்புல்லோ பொறி பட்டதும் குப்பென்று பிடிக்கிறது. சரிவில் சுவாலை மேல்பக்கம் சாய்ந்து, மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடுகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பவர்களின் கணக்கு. பகலில் காற்றும் மேல்நோக்கியே ஏறும்.

ஆலைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புளோ ரூமில் பஞ்சுத் தூசி படிந்து கிடந்தால் ஒரு பொறி என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் பொறி விழுமுன்பே கூட்டித் தள்ளுகிறோம். மலைக்கும் அதே நியாயம்தான்.

செய்ய வேண்டிய வேலை

முதலாவது, மார்கழி, தை மாதங்களில் தீத்தடுப்புக் கோடு. புல்லை அறுத்தால் போதாது; மண் தெரியச் செதுக்க வேண்டும். சுவாலை தாண்ட முடியாத அகலம் வேண்டும். செங்குத்தான இடத்தில் கோட்டை ஒட்டிச் சிறு பள்ளமும் வெட்ட வேண்டும். இல்லையேல் எரியும் கட்டை உருண்டு கோட்டைத் தாண்டிவிடும்.

இரண்டாவது, ஊரை ஒட்டியும் பாதையை ஒட்டியும் உள்ள புல்லை அறுத்து மாட்டுத் தீவனத்துக்கும் கூரைக்கும் எடுத்துச் செல்ல அனுமதி வேண்டும்.

மூன்றாவது, தேவையான இடத்தில் பனி ஈரம் இருக்கும்போதே, வன இலாகாவின் மேற்பார்வையில், பட்டை பட்டையாகச் சிறு தீ வைத்துப் புல்லைக் குறைப்பது. தனியாள் செய்கிற காரியமல்ல இது. ஒரே இடத்தை ஆண்டுதோறும் எரித்தால் மண் அரித்துப் போகும். சோலைக் காட்டின் பக்கம் நெருப்பே போகக் கூடாது.

மான்செஸ்டர் தரும் பாடம்

பஞ்சாலைக்குப் பேர்போன மான்செஸ்டர் அருகே சாடில்வொர்த் மேட்டுநிலத்திலும் அதே 2018-ல், ஜூன் மாதம், பெருந்தீ பற்றியது. ராணுவத்தையே அழைத்தார்கள். அந்நாட்டு மேட்டுநிலங்களில் ஹெதர் என்ற குட்டைப் புதரைப் பட்டை பட்டையாக எரிக்கும் வழக்கம் உண்டு. எதற்காக? பெரும்பாலும் சீமான்கள் சுட்டு விளையாடும் பறவையை வளர்ப்பதற்காக! அங்கே புதருக்கு அடியில் இருப்பது எரியக்கூடிய கரிமண். எனவே ஆழமான கரிமண் நிலத்தில் எரிப்பதற்கு 2021-ல் இங்கிலாந்தில் கட்டுப்பாடு வந்தது. மண்ணுக்கு மண் முறை வேறு. நம் மலையின் முறையை, அதிலேயே வாழும் முதுவர்களிடமும் மற்ற மலைவாசிகளிடமும் கேட்டுத்தான் வகுக்க வேண்டும்.

தீயில் சிக்கினால்

ஏலத் தோட்டத்துக்கு மலையேறும் தாய்மார்களே, மனத்தில் வையுங்கள்: தீக்கு மேலே, சரிவில் ஏறி ஓடாதீர்கள். வெறும் பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து ஆறிய நிலம், இவையே அடைக்கலம். நைலான் துணி உடம்போடு உருகி ஒட்டும். பருத்தியோ கம்பளியோ மேல்.

நமது கோரிக்கை

தீக்காவல் என்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. அதைச் சில மாதக் கூலியாக வைத்து, பச்சைக் கிளையைக் கையில் கொடுத்து அனுப்புவது நியாயமா? மலைவாசிகளுக்கே அந்த வேலையைக் கொடு! முழுக் கூலி கொடு! பூட்ஸ், கருவி, குடிநீர், இன்ஷூரன்ஸ் கொடு! ஹெலிகாப்டருக்குச் செலவிடும் சர்க்கார் மண்வெட்டிக்கும் செலவிடட்டும்.

2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம், தன் சமூகக் காட்டைப் பாதுகாக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குக் கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரத்தைக் கையில் எடுப்போம். மாசியில் புகை கண்ட பிறகு மனு எழுதிப் பயனில்லை. மழை பிடிக்குமுன், அக்டோபர் 2-ந் தேதி கிராம சபையிலேயே, எந்தச் சரிவில் எத்தனை கோடு, எத்தனை ஆள், என்ன கூலி என்று கணக்கோடு தீர்மானம் போடுவோம். மார்கழியில் மண்வெட்டி மலையேறட்டும்!