நாய்க்கு ஓர் உரிமையாளர்

நாய் விற்ற காசு குரைக்காது என்பது பழமொழி. காசு குரைக்காது என்பது மெய்யே. ஆயினும் கைமாறிய நாய் குரைக்கும். சில வேளைகளில் கடிக்கவும் செய்யும். கடித்த அன்று, "இது யாருடைய நாய்?" என்ற வினா எழும். பழைய உரிமையாளர், "கொடுத்துவிட்டேன்" என்பார். புதியவர், "தானாக வந்து நிற்கிறது" என்பார். இவ்விரு விடைகளுக்கும் இடையே கடியுண்ட பிள்ளை நிற்கிறது. நாயைச் சட்டப்படி பதிவு செய்துகொள்வதன் பயனை இந்த இடத்திலிருந்தே நோக்குதல் வேண்டும்.

புத்தளம் மாவட்டக் கரையோரத்திலுள்ள கரைத்தீவை எடுத்துக்கொள்வோம். கிழக்கிலங்கையின் காரைதீவு வேறு. இது புத்தளம் களப்பின் வடபால், வண்ணாத்திவில்லுப் பிரதேசத்தைச் சேர்ந்த கடலோர ஊர். ஒருபுறம் நீர், மறுபுறம், காலா ஓயாவுக்கு அப்பால், 1938ஆம் ஆண்டு தேசிய வனமாக்கப்பட்ட வில்பத்து. இத்தகைய மீன்பிடிக் கரைகளில் நாய் அழகுக்காக வளர்க்கப்படுவதில்லை. இரவில் வாடியையும் வலையையும் காயும் கருவாட்டையும் காப்பது அதுவே. பருவம் முடிந்து வாடி கலைந்தால், தோணியில் ஏற்ற இடமின்றி நாய் கரையில் விடப்படுவதும் உண்டு. அடுத்துச் சோறு வைப்பவர் பின்னே அது செல்லும். இவ்வாறு எழுத்தின்றியும் சாட்சியின்றியும் உரிமை மாறிவிடுகிறது. எல்லாருக்கும் உரியதாய்த் தோன்றும் நாய், பொறுப்பென்று வரும்போது ஒருவருக்கும் உரியதன்று.

இதில் என்ன கேடு எனலாம். விசர்நாய்க்கடி நோய் இலங்கையில் இன்னும் ஒழிந்தபாடில்லை. அது பெரும்பாலும் நாயின் உமிழ்நீர் வழியே மனிதரை அடைவது; நரி போன்ற காட்டு விலங்குகளும் அதனைச் சுமக்கக்கூடும் ஆதலின், காட்டை அடுத்த ஊர்கள் கூடிய விழிப்புடன் இருத்தல் வேண்டும். நோய்க்குறி தோன்றிவிட்டால் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. குறி தோன்றுமுன் தடுப்பு மருந்து ஏற்றினாலோ உயிர் காக்கலாம். 1885ஆம் ஆண்டு பிரான்சு தேசத்தில் லூயி பாஸ்டர், நாய்க்கடியுண்ட ஒன்பது வயதுச் சிறுவனுக்கு மருந்தேற்றிக் காத்தது இதற்கு முதற் சான்றாயிற்று.

கடித்த நாய்க்கு உரிமையாளர் உண்டெனில் இரு செய்திகள் உடனே தெரியவரும். ஒன்று, அதற்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டதா, எப்போது என்பது. மற்றொன்று, அந்நாயைக் கட்டிவைத்துக் குறைந்தது 10 நாளாவது கண்காணிக்க முடியும் என்பது. அதற்குள் நோய்க்குறி காட்டாது நலமாயிருக்கும் நாய், கடித்த வேளையில் நோயைப் பரப்பியிராது. நாய் இறந்துபட்டால் அதன் தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் பரிசோதிக்கலாம். உரிமையாளரற்ற நாயோ கடித்த கணத்திலேயே மறைந்துவிடும். மருத்துவர் இருளில் முடிவு செய்ய நேரும்.

இவற்றையெல்லாம் எண்ணியே சட்டம் பண்டே இயற்றப்பட்டது. பாஸ்டரின் வெற்றிக்கு எட்டாண்டுகள் கழித்து, 1893ஆம் ஆண்டில் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம் வந்தது. 1901ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம், நாய்களை ஆண்டுதோறும் பதிவு செய்ய வேண்டுமென விதித்தது. பதிவில்லாத நாய்களைப் பிடித்து அழிக்கும் வழக்கம் நெடுநாள் நீடித்தது. 2006ஆம் ஆண்டில் அரசு கொல்லாமைக் கொள்கையை மேற்கொண்டபின், தடுப்பூசியும் கருத்தடையுமே வழியெனக் கொள்ளப்பட்டன. இந்நாட்டில் 1973இல் 377 பேரை மாய்த்த இந்நோய், நாய்களுக்குப் பரவலாகத் தடுப்பூசி ஏற்றியதன் பயனாக, அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்குச் சில பத்துப் பேர் என்னும் அளவுக்குக் குறைந்துள்ளது. எனினும் எந்த நாய்க்கு ஊசி ஏறியது, எதற்கு ஏறவில்லை என்பதைச் சொல்லும் ஏடு பதிவேடேயாகும்.

புதிதாக நாயை ஏற்பவர் செய்யவேண்டுவன யாவை? கொடுப்பவரிடம் நாயுடன் தடுப்பூசி அட்டையையும் கேட்டுப் பெறுதல் முதலாவது. அட்டை இல்லையெனில் ஊசி ஏறவில்லை என்றே கொண்டு, அரச மிருக வைத்தியரிடமோ சுகாதாரப் பகுதியினர் நடத்தும் ஊசி முகாமிலோ புதிதாக ஏற்றுவித்தல் இரண்டாவது. தம் பகுதி உள்ளூராட்சி மன்றத்தில், அதாவது கரைத்தீவாருக்குப் பிரதேச சபையில், நாயின் பாலும் நிறமும் அடையாளமும் கூறித் தம் பெயரில் பதிந்துகொள்ளல் மூன்றாவது. கட்டணமும் நடைமுறையும் சபைக்குச் சபை வேறுபடுதலின் அவ்வலுவலகத்தில் வினவுதல் நன்று. முன்னவர் பெயரில் பதிவு இருந்தால் அதனை மாற்றுவிக்கவும் மறத்தலாகாது. பதிவும் ஊசியும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியவை.

சோறு மட்டும் வைக்கும் நாய்க்குப் பதிவு எதற்கு என்போர் உளர். சட்டம் நீண்ட காலம் ஏட்டளவிலேயே பல இடங்களில் உறங்கியதனால் இவ்வெண்ணம் வேரூன்றியது. அலுவலகம் தொலைவிலிருப்பதும், ஒருநாட் கூலி இழப்பதும் மெய்யான இடர்களே. ஊசி ஏற்றும் முகாமிலேயே பதிவையும் செய்ய உள்ளூர்ச் சபைகள் ஒழுங்கு செய்யுமாயின் இவ்விடர் பெரிதும் நீங்கும். மீனவர் சங்கங்களும் கிராம உத்தியோகத்தர்களும் இதனைக் கேட்டுப் பெறுதல் தகும்.

பிரித்தானியர் 1796இல் நாய்க்கு வரி விதித்தனர். பின்னர் வந்த அனுமதிச் சீட்டு முறையை 1987இல் நீக்கினர். ஆயினும் 2016 முதல் இங்கிலாந்தில் நாயின் தோலடியில் அடையாளச் சில்லுப் பதித்து, உரிமையாளர் பெயரைப் பதிவது கட்டாயமாயிற்று. கட்டணம் போயிற்று, பொறுப்புப் போகவில்லை.

ஒன்றை மட்டும் ஈண்டு வற்புறுத்துதல் வேண்டும். பதிந்த நாய் கடித்தாலும், பதியாத நாய் கடித்தாலும், காயத்தை ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் 15 நிமிடம் நன்கு கழுவி, தாமதியாது அரசினர் மருத்துவமனைக்குச் செல்க. மருந்து வேண்டுமா, வேண்டாமா என்பதை மருத்துவரே தீர்மானிப்பார். அவர் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று, நாய் யாருடையது என்பதாகும். அதற்கு விடையளிக்கக்கூடிய அட்டை, வீட்டுக் கூரையிற் செருகப்பட்டிருப்பினும், அன்று பேருதவியாகும்.