கூடத்தில் ஒரு காவல் நடை



கிரேக்க நாட்டுத் தலைநகரம் ஏதென்ஸ். அங்கே நாடாளுமன்றத்துக்கு முன்னால் பெயர் தெரியாத போர்வீரனுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. 1932-இல் திறந்தார்கள். இரவும் பகலும் இரண்டு காவலர்கள் அங்கே சிலைபோல நிற்கிறார்கள். எவ்சோன்கள் என்று பெயர். மணிக்கு ஒருமுறை காவல் மாறும். மாறும்போது அவர்கள் நடக்கிற நடை இருக்கிறதே, அதைத்தான் போன கோடை விடுமுறையில் என் பிள்ளைகள் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்து பார்த்தார்கள்.

முதலில் காவலர்களின் உடையைப் பார்த்துச் சிரித்தார்கள், மறைக்க மாட்டேன். ஆண்பிள்ளை பாவாடை கட்டியிருக்கிறான், காலணி நுனியில் கறுப்புக் குஞ்சம்! சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் அதட்டவில்லை. பழைய வெள்ளைப் புடவை ஒன்றை எடுத்துக் கொடுத்து, "இதைக் கொசுவம் பிடி" என்றேன். முப்பது மடிப்பு வருவதற்குள் விரல் சோர்ந்துவிட்டது. அப்புறம்தான் சொன்னேன். அந்தப் பாவாடையில் 400 மடிப்பு. துருக்கியர் ஆட்சியில் கழிந்த 400 ஆண்டுகளுக்கு அது கணக்கு என்கிறார்கள் கிரேக்கர்கள். 1821-இல் விடுதலைப் போரில் இறங்கிய மலைநாட்டு வீரர்கள் உடுத்திய உடை அது. சிரிப்பு நின்றது.

அந்தக் காலணியின் அடியில் வரிசையாக ஆணி அடித்திருக்கும். ஜோடி மூன்று கிலோவுக்கு மேல். துணிப்பையில் ஒன்றரைக் கிலோ அரிசியைக் கட்டிக் காலில் பிணைத்தோம். காலை மடக்காமல் முன்னால் தூக்கி, அந்தரத்தில் நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டும். இரண்டாவது அடியிலேயே பெரியவள் சுவரைப் பிடித்தாள். ஏன் இவ்வளவு மெதுவாக என்று கேட்டாள். ஒரு மணி நேரம் அசையாமல் நின்ற கால்களில் ரத்தம் மீண்டும் ஓட வேண்டாமா?

சின்னவன் காவலர்களைப் போலத் துப்பாக்கியும் கேட்டான். மறுத்துவிட்டேன். அதை ஏந்தினால் மற்றதெல்லாம் மறந்துபோகும்.

நிற்கிற காவலர் வியர்வையைக்கூடத் துடைத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்தில் வேறொரு வீரர் வந்து துடைத்துவிடுவார், குஞ்சத்தைச் சரிசெய்வார். இதைச் சொன்னதும் என் மகள் துண்டை எடுத்துக்கொண்டு தம்பியின் முன்னால் போய் நின்றாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், அவன் அசையவில்லை. அவள் நெற்றியைத் துடைத்துவிட்டாள். பிறகு அவன் கேட்டான்: "அந்தக் கல்லறைக்குள்ளே யாருப்பா இருக்காங்க?" யாரும் இல்லை என்றேன். வெறுங்கல்லறை அது. ஊர் திரும்பாத அத்தனை பேருக்கும் சேர்த்துக் கட்டியது.

தாய்மார்களே, பள்ளி மாறுவேடப் போட்டிக்கு வாடகை உடை எடுத்து, மேடையில் ஒரு நிமிடம் நிறுத்திக் கைதட்டுகிறோம். அந்த உடைக்குரிய மக்களைப் பற்றிப் பிள்ளைக்கு ஒரு வரி சொல்கிறோமா? விடுமுறை வருகிறது. ஒருநாள் மாலை கூடத்து நாற்காலிகளை ஓரம் தள்ளுங்கள். அதற்கு முன் நூலகத்துக்குப் போய், உலக வரைபடத்தில் கிரீஸ் எங்கே என்று உங்கள் பிள்ளையின் விரலாலேயே தேடச் சொல்லுங்கள்.