எட்டாம் எண் வீடு

ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்த் தகவல் திரட்டும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் நம் குடும்பங்களில் இப்போது நிறைய. அவர்களை நினைத்துத்தான் இன்று பேசுகிறேன்.

ஒரு வரிசையில் ஐந்து வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். மாத வருமானம் முதல் வீட்டில் 3,000 வெள்ளி. அடுத்தடுத்து 3,500, 4,000, 4,500. கடைசி வீட்டில் மட்டும் 20,000. எல்லாவற்றையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 7,000. இது சராசரி. கணக்கில் பிழையே இல்லை. ஆனால், நான்கு வீடுகள் அந்தத் தொகையை எட்டிப் பார்த்ததுகூட இல்லை! இப்போது தொகைகளை ஏறுவரிசையில் அடுக்கி, நடுவில் நிற்பதைப் பாருங்கள்: 4,000. இதுதான் இடைநிலை. கடைசி வீட்டுக்காரர் இரண்டு லட்சம் சம்பாதித்தாலும் இடைநிலை அசையாது.

நம் ஜொகூருக்கு வருவோம். மலேசியப் புள்ளிவிவரத் துறையின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இங்கே குடும்ப மாத வருமானத்தின் சராசரி 8,517 வெள்ளி. இடைநிலையோ 6,879 வெள்ளிதான். பாதிக் குடும்பங்கள் அதற்கும் கீழே. எட்டாயிரத்தைக் கேட்டுவிட்டு, நம் வீடு மட்டும் பின்தங்கிவிட்டதோ என்று மனம் வாடும் தாய்மாருக்கு அந்த இரண்டாவது எண்ணையும் சொல்லியாக வேண்டும்.

கூட்டல் கழித்தலுக்கு முன்பே தவறு நுழைந்துவிடுவதும் உண்டு. ஸ்கூடாயிலோ மாசாயிலோ ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டுங்கள். பாட்டி வருவார், இல்லையென்றால் இடுப்பில் குழந்தையோடு ஓர் அம்மா. வாசலில் மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கும். வண்டிக்காரர் விடியுமுன்பே பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அவரைப் போன்றவர்கள் விடுபட்டால், அது எப்படி ஜொகூர் உழைப்பாளிகளைப் பற்றிய ஆய்வாகும்? இருநூறு கதவுகளுக்குப் பதில் இரண்டாயிரம் கதவுகளைத் தட்டினாலும், அதே பத்து மணிக்குப் போனால் அதே ஓட்டைதான். எண்ணிக்கை கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள், பிள்ளைகளே.

அப்படியானால் என்ன செய்வது? தாமானின் வீட்டு எண்களை எல்லாம் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போடுங்கள். வந்த எண்ணுக்குத்தான் போக வேண்டும். எட்டாம் எண் வீடு பூட்டியிருந்தால், பக்கத்தில் ஒன்பதாம் எண் திறந்திருக்கிறதே என்று தாவாதீர்கள். குறித்து வைத்துக்கொண்டு, ஞாயிறு மாலை மறுபடி போங்கள்.